முப்பத்தேழாம் வரிசைக்காரர்

மும்பைத் தென்பாண்டித் தமிழர் நலவாழ்வு மன்றத்துக்கு மாட்டுங்காவில் ஓர் அலுவலகமும் தாராவியில் ஒரு மருந்தகமும் உண்டு. அலுவலகத்தில் நாற்காலிகள் இருபத்திரண்டு. மருந்தகத்தில் ஒன்று. அதில் மருந்து கொடுக்கும் பிச்சையா உட்கார்ந்திருப்பார். நோயாளிகள் நிற்பார்கள். நிற்பது இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று மன்றத்தின் ஆண்டு மலரில் தலைவர் சுப்ரமணியன் உட்கார்ந்து எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, மன்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மருந்தகத்துக்கு நிதி தருகிற அறக்கட்டளை அனுப்பியது. மொத்தம் ஆறு வரி. நோயாளிகளின் பட்டியலை அனுப்புங்கள்; ஆனால் இன்னார் என்று கண்டுபிடிக்கக்கூடிய விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது; அவற்றை உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்து நீக்கிவிட்டு, அதன் பிறகு அனுப்புங்கள். இவ்வளவுதான்.

பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் மெஹக். தாராவியிலேயே பிறந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள். மாட்டுங்காவுக்குக் கூப்பிட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள்.

“இது பத்து நிமிஷ வேலை சார். பேரு, போன், ஆதார், அட்ரஸ், நாலு கட்டத்தையும் தூக்கிடலாம். ஊருக்குப் பதிலா வெறும் ஜில்லா. வயசுக்கு நாப்பது டு அம்பதுன்னு போட்டா போதும். தொழில் வேண்டவே வேண்டாம். யாருக்கு எந்த நம்பர்ங்கறத மட்டும் தனி ஃபைல்ல போட்டு, பாஸ்வேர்ட் வெச்சு, நம்மகிட்டயே வெச்சுக்கலாம். பஸ், காம் கதம், வேலை முடிஞ்சுது.”

தலைவர் சிரித்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற சிரிப்பு அது.

“பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை என்றால் அதற்கு மன்றம் எதற்கம்மா?”

செயலாளர் வெங்கடேஷ் இதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இரகசியக் காப்புக் குழு அமைக்கப்பட்டது. பதினோரு பேர். நோயாளிகள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்களோ அந்தந்தத் தெருவிலிருந்து ஒருவர். நோயாளிகளை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது தகுதி. தெரியாதவர் கையில் இரகசியத்தைக் கொடுக்க முடியுமா என்று வெங்கடேஷ் கேட்டார். முடியாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். குழுவின் வசதிக்காக ஒரு வாட்ஸப் குழு தொடங்கப்பட்டது. அதற்கு ‘பரம இரகசியம்’ என்று பெயர் வைத்தார்கள். புதன்கிழமைக்குள் அதில் நூற்று எண்பத்து நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள்.

ஜூலை 20, மாலை ஐந்தே காலுக்குப் பெயர் நீக்கும் வைபவம். கதவைச் சாத்தினார்கள். பதினோரு பேரும் சூடம் ஏற்றி, ‘இந்தப் பட்டியலில் உள்ளதை நான் பார்க்கவில்லை, பார்த்தாலும் படிக்கவில்லை, படித்தாலும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்தார்கள். பார்க்காமல் எப்படிச் சரிபார்ப்பது என்று ஒருவர் சந்தேகம் கிளப்பியதால் ஆளுக்கு இரண்டு பிரதி வழங்கப்பட்டது. மன்றத்தின் பிரின்டர் ஓடாததால் பிரதிகள் கீழே ஜெராக்ஸ் கடையில் எடுக்கப்பட்டன. சரியாக விழாத ஆறு தாள்களைக் கடைக்காரர் வீணாக்கவில்லை, பக்கத்துப் பஜ்ஜிக் கடைக்குக் கொடுத்துவிட்டார்.

பெயர், போன், ஆதார், விலாசம் நான்கையும் வெங்கடேஷ் தம் கையாலேயே அழித்தார். கைதட்டினார்கள். அசல் இருந்தால்தானே கசியும் என்று தலைவர் சொன்னதன்பேரில் அசலையும் அழித்தார், ஜெராக்ஸ் பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கொளுத்தினார். மறுபடி கைதட்டினார்கள். மெஹக் எழுந்து, “சார், அது ஒரே காப்பி” என்றாள். அதற்கும் இரண்டு பேர் பழக்கத்தில் கைதட்டிவிட்டார்கள்.

பெயர் இருந்த கட்டங்கள் இப்போது வெள்ளையாகக் கிடந்தன. தலைவருக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து பேசினார்.

“பெரியோர்களே! பெயரை எடுத்தோம், சரி. எடுத்த இடத்தில் என்ன இருக்கிறது? வெற்றிடம்! ஒரு தமிழனை வெறும் நம்பராக வெளிநாட்டானுக்கு அனுப்புவதா? நான் முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு ஃபைலில்கூட வெற்றிடம் விட்டவன் அல்ல. எழுதுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் ‘கவனிக்கப்பட்டது’ என்று எழுதுவேன். எதையும் நான் கவனித்ததில்லை. அது வேறு விஷயம். மூன்று பதவி உயர்வு அதனால்தான் வந்தது. ஆகவே, பெயர் இருந்த இடத்தில் அன்னாருடைய சொந்த ஊரையும் தொழிலையும் பெருமையோடு போடும்படி முன்மொழிகிறேன்.”

ஏகமனதாக நிறைவேறியது.

இங்கே தாராவியைப் பற்றி ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். மன்றத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்த விவரம்தான். அன்று மாலை யாருக்கும் நினைவு வரவில்லை. தாராவியில் ஒருவருடைய ஆதார் பெயர் ஆதாருக்கும் பேங்குக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அவர் ஊரும் தொழிலும்தான். பக்கத்து அறையில் இருபது வருஷம் குடியிருந்தவர் இறந்தால், அவர் பெயரை முதன்முதலாக அஞ்சலி பேனரில்தான் படிப்பார்கள். ‘ஓ, நம்ம வள்ளியூர் இஸ்திரிக்கு இதுவா பேரு’ என்பார்கள். ஆக, பெயர்கள் இருந்தவரைக்கும் அந்தப் பட்டியலைத் தெருவில் விரித்துப் போட்டிருந்தாலும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. இரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பெயர்க் கட்டங்களை மன்றம் கைதட்டி அழித்தது. பிறகு, ஊரெல்லாம் கூப்பிடுகிற பெயரை அந்த இடத்தில் வைத்தது.

தீர்மானம் நிறைவேறிய மறுநாள் மெஹக் வேலையை விட்டாள். கோபர்கைரனேயில் ஒரு கம்பெனியில் அவளுக்கு இடம் கிடைத்தது.

அன்றே பட்டியல் மருந்தகத்தின் வெளிச்சுவரில் ஒட்டப்பட்டது. மேலே ஓர் அறிவிப்பு: ‘இதில் உள்ள எவரையேனும் தங்களுக்கு அடையாளம் தெரிகிறதா என்று எட்டு நாட்களுக்குள் மன்றத்துக்குத் தெரிவிக்கவும்.’ சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து படித்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். எட்டு நாளில் மன்றத்துக்கு ஒருவரும் ஒன்றும் தெரிவிக்கவில்லை, ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள். ‘அடையாளம் தெரிந்தோர்: பூஜ்யம்’ என்று வெங்கடேஷ் பதிவு செய்தார்.

இசக்கிதுரை அந்தச் சுவரைப் பார்த்தது நான்காம் நாள். வயது நாற்பத்தேழு. ஊர் பணகுடி, தொழில் முறுக்கு. வீட்டு மாடியில் நான்கு பெண்கள் பிழிய, அவர் மாவு பக்குவம் பார்க்க, சுட்ட முறுக்கில் முக்கால்வாசி மாட்டுங்காவில் பானுமதி அம்மாள் நடத்தும் பலகாரக் கடைக்குப் போகும். ஏப்ரலில் இருமல் நிற்காமல் மருந்தகத்துக்குப் போனவருக்குக் காசநோய் என்று சொன்னார்கள். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் மருந்து கேட்காத நோயாக மாறிவிடும் என்றார் அங்கே மாதம் ஒருமுறை வந்துபோகும் டாக்டர். மே மாதமே, இனி யாருக்கும் ஒட்டாது, தாராளமாக வேலை பார்க்கலாம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த விஷயம் அவருக்கும் மனைவி சொர்ணம்மாளுக்கும் பிச்சையாவுக்கும் மட்டும் தெரியும். சுவரில் இப்படி இருந்தது:

‘37. பணகுடி, முறுக்கு. வயது 47. காசநோய். நான்காம் மாதம்.’

வீட்டுக்கு வந்து சொன்னார்.

“இந்தத் தாராவியில பணகுடிக்காரன் எத்தன பேரு?” என்று கேட்டாள் சொர்ணம்மாள்.

“இருப்பான் ஒரு அம்பது பேரு.”

“முறுக்கு சுடுதவன்?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“எழுதுனதுதான் எழுதுனாவ, ஒங்க போட்டோவையும் சேத்து ஒட்டியிருக்கலாம்லா. நீங்க நடந்து வந்து பாத்த செலவு மிச்சம்.”

ஜூலை 30 அன்று பானுமதி அம்மாள் போன் செய்தார். தீபாவளிச் சரக்கு பற்றி.

“தப்பா எடுத்துக்காதீங்கோ இசக்கிதுரை. உங்களை நான் ஒரு வார்த்தை சொல்லலை. நான் சொல்றது முப்பத்தேழாம் நம்பரை. வாட்ஸப்ல வந்தது. அந்த மனுஷர் கைபட்ட சாமான் என் கடைக்கு வேண்டாம்.”

“அம்மா, டாக்டரே லெட்டர் குடுத்திருக்காரு, ஒட்டாதுன்னு.”

“யாருக்கு?”

இசக்கிதுரை சற்று யோசித்தார். “முப்பத்தேழுக்கு” என்றார்.

“அப்போ அவரை வந்து காட்டச் சொல்லுங்கோ.”

அவர் மன்றத்துக்குப் போனார். ஆட்சேபம் தெரிவிக்க ஒரு படிவம் இருந்தது. பெயர் தெரிந்துவிட்டது என்று முறையிடுகிறவர்கள் முழுப் பெயர், விலாசம், ஆதார் பிரதி, இரண்டு போட்டோ, நோயின் பெயர் ஆகியவற்றோடு, ‘பட்டியலைப் பார்த்ததும் இவர்தான் என்று கண்டுகொண்டேன்’ என்று கையெழுத்திடும் இரண்டு சாட்சிகளையும் கொண்டுவர வேண்டும். சாட்சிக்குப் பஞ்சமில்லை, தெருவில் வரிசையில் நின்றார்கள். கடைசியில் ஏர்வாடி ஷேக் பரீத் போதும் என்று முடிவாயிற்று. அவர் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர். இன்னொரு சாட்சி தேவைப்பட்ட இடத்தில் சொர்ணம்மாள் கையெழுத்திட்டாள்.

“எனக்கும் சேத்துத்தான் வாரேன் அண்ணாச்சி” என்றார் ஷேக் பரீத். “நூத்திப் பதினாலு. ஏர்வாடி, பெல்ட், மூலம். நேத்துலருந்து பட்டறைக்கு வாரவன் பூரா, ‘நிக்கேளே பாய், ஒக்காருங்க, ஓ, முடியாதோ’ன்னு கேக்கான். செத்துரலாம் மாரி இருக்கு.”

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை விசாரணை. இருபத்திரண்டு நாற்காலிகளும் நிறைந்திருந்ததால் மனுதாரர் நிற்க நேர்ந்தது.

“முப்பத்தேழாம் வரிசைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் தலைவர்.

“அது நாந்தான் சார்.”

“அப்படி யார் சொன்னது?”

“நாந்தான் சொல்லுதேன்.”

“வெங்கடேஷ், எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தேழு யார் என்று இந்த நிமிஷம்வரை மன்றத்தில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. முதலில் சொன்னவர் இவர்.”

“சார், அதுல பணகுடி முறுக்குன்னு போட்டிருக்கு. என்னய எல்லாவனும் அப்பிடித்தான் கூப்பிடுதான். நீங்களே இப்பம் நான் உள்ள வரும்போது ‘வாங்க பணகுடி’ன்னுதான் சொன்னிய.”

“நான் உங்களைச் சொன்னேன். பட்டியலைச் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா? இல்லை. பெயர் இல்லாதவரை எப்படி அடையாளம் காண முடியும்? முடியாது. முடியாத ஒன்றை நீங்கள் செய்திருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய தவறு, யோசித்துப் பாருங்கள்.”

ஷேக் பரீத் நடுவில் எழுந்தார். “தலைவரே, ஒரே ஒரு கேள்வி. அந்த லிஸ்ட்டத் தூக்கிட்டு ஜில்லாவ மட்டும் போட்டா உங்களுக்கு என்ன குறஞ்சிரும்?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, தவறு நடந்தால் திருத்தலாம். தவறு நடந்தது என்று மன்றம் ஒப்புக்கொண்ட பிறகுதானே திருத்த முடியும்? அப்படி ஒப்புக்கொண்ட வழக்கம் இந்த மன்றத்தில் இல்லை. என் காலத்தில் அந்தக் கெட்ட பழக்கத்தைத் தொடங்கி வைத்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.”

இதற்கும் கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 6 அன்று பதிவுத் தபாலில் இசக்கிதுரைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

‘ஐயா, தாங்கள் 37-ஆம் வரிசையினர் அல்லர் என்பது விசாரணையில் ஐயமற நிறுவப்பட்டது. அவ்வாறிருக்க, மேற்படி 37-ஆம் வரிசையினரின் ஊர், தொழில், நோய் முதலிய அந்தரங்க விவரங்களைச் சபையில் பலரறியத் தாங்கள் வெளியிட்டமை இரகசியக் காப்பு விதி 4-இன்படி குற்றமாகும். ஏழு நாட்களுக்குள் மேற்படியாரிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கோரி, கடிதத்தை மருந்தகத்தில் சேர்ப்பிக்கவும். தவறினால் மேல்நடவடிக்கை. இங்ஙனம், வெங்கடேஷ், செயலாளர்.’

இசக்கிதுரை நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். சொர்ணம்மாள் வாங்கி ஒரு தடவைதான் படித்தாள்.

“எப்பா, இது ரொம்ப நல்ல கடுதாசி. நீங்க முப்பத்தேழு கெடையாதுன்னு சீல் போட்டுக் குடுத்திருக்காவ. கொண்டுபோய் மாட்டுங்காவுல காட்டுங்க.”

வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் காட்டினார். பானுமதி அம்மாள் சீலைத் தடவிப் பார்த்தார். “இதை முன்னாடியே கொண்டுவந்திருக்கப்படாதோ! மன்றமே எழுதிக் கொடுத்தாச்சு, இனி எனக்கென்ன? ஒரிஜினல் நீங்க வெச்சுக்கோங்கோ, ஜெராக்ஸ் போதும். கல்லாவுக்குப் பின்னால ஒட்டிடறேன், வர்றவா எல்லாரும் கேக்கறா.” தீபாவளிச் சரக்கு மறுபடி அவருக்கே வந்தது. சரக்கு நின்றதால் வீட்டிலிருந்த நான்கு பெண்களும் வேலைக்குத் திரும்பினார்கள். அன்று சாயங்காலம் இசக்கிதுரை உட்கார்ந்து, நோட்டீஸில் சொல்லியபடி ‘மதிப்பிற்குரிய 37 அவர்களுக்கு’ என்று தொடங்கி ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதினார். தங்கள் உடல்நிலை இப்போது எப்படி இருக்கிறது என்று கடைசியில் விசாரித்திருந்தார்.

சனிக்கிழமை அதைக் கொண்டுபோய்ப் பிச்சையாவிடம் சேர்த்துவிட்டு, வழக்கம்போல வாரத்து மாத்திரை அட்டைக்குக் கை நீட்டினார்.

“யாருக்கு அண்ணாச்சி?” என்றார் பிச்சையா.

“யாருக்கா? எனக்குத்தான் வே. நாலு மாசமா நீருதான தாரீரு.”

“உங்களுக்கு நோய் கெடையாதுன்னு மாட்டுங்காவுல இருந்து நோட்டீஸ் நகல் வந்திருக்கு. நோய் இல்லாதவங்களுக்கு மாத்திர குடுத்தா எனக்கு வேல போயிரும். மாத்திர முப்பத்தேழுக்குத்தான்.”

“என் மூஞ்சி ஒமக்குத் தெரியாதாக்கும்?”

“மூஞ்சி தெரியும். லிஸ்ட்ல மூஞ்சிக்குக் கட்டம் கெடையாதுல்லா.”

திங்கட்கிழமை அவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். உங்கள் சிகிச்சைக் கார்டு எங்கே பதிவாகி இருக்கிறதோ அங்கிருந்து மாற்றுக் கடிதம் கொண்டு வாருங்கள், அன்றைக்கே மருந்து தருகிறோம் என்றார்கள். மாற்றுக் கடிதத்துக்கு மாட்டுங்காவுக்குப் போனார். இசக்கிதுரை என்ற பெயரில் நோயாளி யாரும் நம்மிடம் இல்லையே என்றார் வெங்கடேஷ். பழைய பட்டியலைப் பாருங்கள் என்றார் இவர். அது இரகசியம் கருதி அழிக்கப்பட்டுவிட்டது என்றார் அவர். முப்பத்தேழாம் வரிசைக்காரர் நேரில் வந்து கேட்டால் தருவீர்களா என்றார் இவர். நேரில் வந்தால் அவர் யாரென்று தெரிந்துவிடுமே, அதை மன்றம் எப்படி அனுமதிக்கும் என்றார் அவர்.

நாலு நாள் மாத்திரை இல்லாமல் போயிற்று. செவ்வாய் ராத்திரி இருமல் வந்தது. நோயா, மாவுத் தூசியா என்று தெரியவில்லை. சொர்ணம்மாள் இந்தத் தடவை கேலி பேசவில்லை.

“நோட்டீஸக் கிழிச்சுப் போட்டுட்டு, நாந்தான்னு சொல்லி ரோட்ல நின்னு கத்துங்க. சரக்கு போனா போகுது.”

“கத்துனா மட்டும் குடுப்பானா? இன்னொரு நோட்டீஸ்தான் குடுப்பான்.”

புதன்கிழமை காலை அவர் மருந்தகம் திறக்கும்போதே போய் நின்றார். பிச்சையா கவலையாக இருந்தார்.

“உங்க மன்னிப்புக் கடுதாசி இந்தா கெடக்கு அண்ணாச்சி. அவரு வந்தாக் குடுப்போம்னா, நாலு நாளா ஆளே வரலியே. மாத்திரய விடப்படாது, விட்டா வெனையாப் போயிரும். எங்க போனாரோ மனுசன்.”

இசக்கிதுரை அவரைப் பார்த்தார். பிச்சையா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நடுவில் வைத்தார். நோயாளி சார்பில் வேறொருவர் மருந்து பெறுவதற்கான படிவம்.

“படுக்கையில கெடக்குதவங்களுக்கு உள்ளது. ஏர்வாடி பாய்க்கும் இதே நோட்டீஸ்தான், நேத்து அவருக்கும் இதுலதான் குடுத்தேன்.”

இசக்கிதுரை படிவத்தை நிரப்பினார். ‘37-ஆம் வரிசையினனாகிய நான், என் மருந்தைத் திரு. இசக்கிதுரை வசம் கொடுத்தனுப்பச் சம்மதிக்கிறேன்.’ அதன் கீழே நோயாளியின் கையெழுத்து. கையெழுத்துப் போட்டால் ஆள் தெரிந்துவிடும் என்பதால் 37 என்று எண்ணாலேயே எழுதினார். பெறுபவர் கையெழுத்தில் இசக்கிதுரை என்று போட்டார்.

“இன்னொன்னு அண்ணாச்சி. மாத்திரய அவரு முழுங்குததக் கண்ணால பாத்தேன்னு ஒருத்தர் தெனமும் எழுதித் தரணும். மேலிடத்து ஆர்டர். நீங்களே போட்டுருங்க.”

அவர் அதிலும் கையெழுத்திட்டார். பக்கத்தில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது: ‘நோயாளிக்கும் தங்களுக்கும் உள்ள உறவு.’ பேனா அங்கே நின்றது. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்; அதில் பானுமதி அம்மாள் கடைக்குச் சரக்கு ஏற்றுகிற டெம்போக்காரரும் ஒருவர்.

“அதயும் எழுதிருங்க. காலியா வுட்டா மாட்டுங்காவுல ஏத்துக்கிட மாட்டாவ.”

இசக்கிதுரை ‘தெரியாதவர்’ என்று எழுதினார்.

பிச்சையா அதைப் படித்துப் பார்த்து, மன்றத்தின் முத்திரையை வைத்தார். பிறகு ஒரு மாத்திரையைப் பிரித்து மேஜையில் போட்டு, தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.